பவர் பத்திரம் கையெழுத்து போட்டு ஊருக்கு அனுப்ப 3 மாசமா, 4 மாசமா?

03.06.2024, காலை

மஸ்கட்ல இருந்து ஒரு நண்பர் கேட்டது அப்படியே: "சென்னையில ஃப்ளாட் வாங்குறோம். நான் வர முடியாது, அண்ணன் பேர்ல பவர் எழுதி அனுப்பச் சொல்றாங்க. கையெழுத்து போட்டு அனுப்ப எத்தனை நாள் டைம்? ஒருத்தர் 3 மாசம்ங்கறார், இன்னொருத்தர் 4 மாசம்ங்கறார். எது சரி?"

ரெண்டும் சரிதான், ஆனா ரெண்டும் வேற வேற கெடு. பவர்ங்கறது நமக்குப் பதிலா இன்னொருத்தர் கையெழுத்து போட அதிகாரம் குடுக்குற பத்திரம். வெளிநாட்டுல எழுதின பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள அதுக்கு முத்திரைத் தீர்வை கட்டி முடிச்சிருக்கணும், இது முத்திரைச் சட்டம் 1899, 18-ஆம் பிரிவு. ஊர்ல எல்லாரும் அட்ஜுடிகேஷன்னு சொல்றது இதைத்தான், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல நடக்கும். 4 மாசம்ங்கறது பதிவுச் சட்டம் 1908, 23-ஆம் பிரிவு. கிரயப் பத்திரத்துல, அதாவது சொத்தை வித்துக் குடுக்குற பத்திரத்துல, கையெழுத்து விழுந்த நாள்ல இருந்து 4 மாசத்துக்குள்ள சார்பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும்.

எனக்கும் இப்ப இதே கதைதான். துபாய்ல இருக்கேன், பள்ளிக்கரணை பக்கம் ஒரு ரீசேல் ஃப்ளாட், 62 லட்சம். ஏப்ரல் லீவுல வந்தப்ப 22-ஆம் தேதி அக்ரிமென்ட் போட்டு 5 லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தேன். கெடு 3 மாசம், ஜூலை 22. ஆனா நெஜமான கெடு அது இல்ல, ஜூலை 17 ஆடி பொறக்குது, விக்கிறவங்க வயசானவங்க, ஆடிக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துடுங்க தம்பின்னு அக்ரிமென்ட் அன்னைக்கே சொல்லிட்டாங்க. அப்பா பேர்ல பவர் எழுதுறேன்.

என் கருத்து ஒண்ணுதான். பேப்பர் வந்த அன்னைக்கே கையெழுத்து போட்டு அன்னைக்கே கூரியர்ல போட்டுடுங்க. சட்டம் குடுக்குற மாசக்கணக்கை நம்பி உக்காராதீங்க.

03.06.2024, ராத்திரி

காலைல எழுதினதுல ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லாம விட்டுட்டேன், இன்பாக்ஸ்ல நாலு பேர் அதையே கேக்குறாங்க. அந்த 3 மாசம் நீங்க கையெழுத்து போட்ட நாள்ல இருந்து ஆரம்பிக்காது. பேப்பர் முதல் முதலா இந்தியாவுக்குள்ள கைக்குக் கிடைச்ச நாள்ல இருந்துதான். அப்ப அது என்னைக்கு வந்துச்சுன்னு காட்ட உங்க கையில என்ன இருக்கு? கூரியர் கவர். அதுல இருக்குற தேதிதான் சாட்சி. எங்க வக்கீல் முதல் நாளே சொன்னது, "பேப்பரைப் பத்திரமா வைக்கிறீங்களோ இல்லையோ கவரைப் பத்திரமா வைங்க".

எங்கப்பாவுக்கு எந்தத் தபால் வந்தாலும் கவரைக் கிழிச்சு அதோட பின்பக்கத்துல மளிகைக் கணக்கு எழுதுற பழக்கம், நாப்பது வருஷமா. போன் பண்ணி மூணு தடவை சொல்லிட்டேன்.

06.06.2024

முதல் நோட்ல சொன்னதை வாபஸ் வாங்குறேன். வந்த அன்னைக்கே கையெழுத்து போடாதீங்க.

நேத்து டிராஃப்ட் பிடிஎஃப் வந்துச்சு, 9 பக்கம். முதல் 6 பக்கம் எல்லாப் பவர்லயும் இருக்குறதுதான், என் சார்பா கையெழுத்திட, தாக்கல் செய்ய, பணம் செலுத்த, அசல் பத்திரத்தைத் திரும்பப் பெறன்னு போகும். நான் போன்லயே தள்ளித் தள்ளிப் படிச்சுட்டு சரின்னு வக்கீலுக்கு மெசேஜ் அடிக்கப் போனேன். என் வீட்டுக்காரம்மாதான் இருங்கன்னு சொல்லிட்டு அக்ரிமென்ட் காப்பியை எடுத்துட்டு வந்து சொத்து விவரத்தை வரிக்கு வரி பென்சில் வச்சுப் பார்த்தாங்க. சர்வே நம்பர் சரி. நாலு எல்லை சரி. ஃப்ளாட் நம்பர் சரி. பிரிபடாத பாகம், அதாவது ஃப்ளாட்டோட சேர்ந்து வர்ற நிலப் பங்கு, அக்ரிமென்ட்ல 412 சதுரடி, பவர்ல 421.

ரெண்டு எண்ணு இடம் மாறியிருக்கு, அவ்ளோதான். ஆனா வக்கீலுக்கு போன் போட்டப்ப அவரே ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் சொன்னாரு, பவர்ல தப்பா இருந்தா கிரயப் பத்திரம் அதுக்கு ஒத்துப் போகாது, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல திருப்பி அனுப்பினா நீங்க முதல்ல இருந்து கான்சுலேட், கூரியர், அட்ஜுடிகேஷன் எல்லாம் மறுபடி போகணும், கிரயத்துலயும் அதே தப்பு விழுந்து பதிஞ்சுட்டா பிழைதிருத்தல் பத்திரத்துக்கு அந்தப் பெரியவங்களை மறுபடி கூப்பிட்டு நிக்க வைக்கணும்னு.

அதனால இப்ப என் கருத்து இது. வந்த அன்னைக்கே படிங்க. அன்னைக்கே சந்தேகம் கேளுங்க. கையெழுத்து அதுக்கப்புறம். படிக்காம டேபிள் மேல கிடக்குற நாள்தான் வீண் நாள், படிக்க எடுத்துக்குற நாள் வீண் இல்ல. ரெண்டு பேர் படிக்கணும், அதுல ஒருத்தர் கையில தாய்ப்பத்திரமோ அக்ரிமென்ட்டோ இருக்கணும். போன் ஸ்க்ரீன்ல பார்த்தா 412-ம் 421-ம் கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியுது.

07.06.2024

திருத்தின டிராஃப்ட் வந்துடுச்சு. 412.

11.06.2024

இன்னொரு தப்பு, இது முழுக்க என்மேல. கான்சுலேட்ல அட்டஸ்டேஷனுக்கு அப்பாயின்ட்மென்ட் இன்னைக்குத்தான் பார்த்தேன், பெருநாள் லீவு குறுக்க வருது, 15-ல இருந்து 18 வரைக்கும். எனக்குக் கிடைச்சது 20-ஆம் தேதி. டிராஃப்ட் தயாராகுறதுக்கு முன்னாடியே தேதி போட்டு வச்சிருந்தா இந்த வாரமே முடிஞ்சிருக்கும். டிராஃப்ட் முடியட்டும் அப்புறம் புக் பண்ணலாம்னு இருந்தேன், 9 நாள் போச்சு. மஸ்கட் நண்பரே, உங்க ஊர் லீவையும் இந்திய லீவையும் சேர்த்துக் காலண்டர்ல குறிச்சு வச்சுக்குங்க, இப்பவே தேதி வாங்குங்க.

அப்புறம் வீட்டுலயே கையெழுத்து போட்டு எடுத்துட்டுப் போயிடாதீங்க, அதிகாரி முன்னாடிதான் போடணும். பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவுலயே இருக்கு, வெளிநாட்டுல இருக்குறவரோட பவர் நோட்டரி பப்ளிக், கோர்ட், நீதிபதி, மாஜிஸ்திரேட், இல்ல இந்தியத் தூதரக அதிகாரி முன்னாடி எழுதப்பட்டு அவரால உறுதி செய்யப்பட்டதா இருக்கணும்னு. ரூம்ல கையெழுத்து போட்டுட்டுப் போய் முத்திரை மட்டும் குத்துங்கன்னா யாரு குத்துவாங்க.

13.06.2024

"பவரே போதுமே, எதுக்கு 9 பர்சன்ட் கட்டி கிரயம் பண்றீங்க, விக்கிறவங்ககிட்டயே பவர் எழுதி வாங்கிக்குங்க"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வேண்டவே வேண்டாம் சார். 2011 அக்டோபர்ல சூரஜ் லாம்ப் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பவர் மூலமா சொத்து கை மாறாது, பதிவான கிரயம்தான் உரிமை. பவர் குடுத்தவர் இறந்துட்டா சாதாரண பவர் அதோட முடிஞ்சு போகும். நான் எழுதுறது என் சார்பா அப்பா போய் வாங்குறதுக்கு. நீங்க சொல்றது அது இல்ல.

9 பர்சன்ட்னு சொன்னது சரி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. 2023 மார்ச் கடைசி வரைக்கும் பதிவுக் கட்டணம் 4 ஆ இருந்துச்சு, அதைக் குறைச்சு, வழிகாட்டி மதிப்பை (அரசு நிர்ணயிக்கிற சொத்து மதிப்பு) ஏத்தினாங்க. என் கணக்குக்கு 5 லட்சத்து 58 ஆயிரம்.

20.06.2024, ராத்திரி

முடிஞ்சது. ரூம்ல கூட இருக்குற ரெண்டு தம்பிங்க அரை நாள் லீவு போட்டுட்டு சாட்சிக்கு வந்தாங்க, ஒருத்தன் தென்காசி, இன்னொருத்தன் கும்பகோணம். அவங்களுக்கு இதுல ஒரு லாபமும் இல்ல, வெயில்ல வரிசையில நின்னாங்க.

அதிகாரி ஒவ்வொரு பக்கமா எண்ணினாரு, ஒரு பக்கத்துல அடித்தல் இருந்தா பக்கத்துல சுருக்கொப்பம் போடுங்கன்னாரு, எங்களுது சுத்தமா இருந்துச்சு. கடைசிப் பக்கத்துல போட்டோ ஒட்டி, பாதி போட்டோ மேலயும் பாதி பேப்பர் மேலயும் விழுற மாதிரி முத்திரை. மை காயுற வரைக்கும் விசிறிட்டே இருந்தேன், மடிச்சா அடுத்த பக்கத்துல ஒட்டிக்கும்னு பயம். நேரா கூரியர் ஆபீஸ். முழுப் பவரையும் ஸ்கேன் பண்ணி வக்கீலுக்கும் அப்பாவுக்கும் அனுப்பிட்டேன், வழியில தொலைஞ்சா என்ன இருந்துச்சுன்னாவது தெரியணும்ல.

24.06.2024

வந்து சேர்ந்துடுச்சு. அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரம், எதிர்வீட்டு அக்கா கையெழுத்து போட்டு வாங்கி வச்சிருக்காங்க. அப்பா கவரைக் கிழிக்கல! பிளேடு வச்சு ஒரு ஓரமா அறுத்து, மேல பால்பாயிண்ட்ல "24.6.24 திங்கள், மாலை 5 மணி, துபாயிலிருந்து"ன்னு எழுதி, பஞ்சாங்கத்துக்குள்ள வச்சுட்டு எனக்கு போட்டோ அனுப்பியிருக்காரு. அந்தப் போட்டோவை நாலு தடவை பார்த்தேன்.

26.06.2024

அட்ஜுடிகேஷன் முடிஞ்சுது. கவரைக் கேட்டாங்களாம்.

28.06.2024

இன்னைக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியணும், அதான் ஆபீஸ்ல உக்காந்துட்டே டைப் பண்றேன். லோன் குடுக்குற பேங்க் (பேர் வேண்டாம்) இன்னைக்குக் காலைல மெயில் அனுப்புது, உங்க பவர் எங்க ஃபார்மேட்ல இல்ல, லோன் அக்ரிமென்ட்லயும் அடமானப் பத்திரத்துலயும் உங்க அப்பா கையெழுத்து போடணும்னா பேங்க் பேர், கடன் தொகை, பத்திரத்தை ஒப்படைக்கிற அதிகாரம் எல்லாம் தனித்தனியா எழுதின பவர் வேணும்னு. ஒன்றரை மாசமா எல்லாப் பேப்பரும் வாங்கினாங்க, பவர் போடப் போறேன்னு மே மாசமே மெயில்ல சொல்லியிருக்கேன், ஒருத்தர் வாய் திறக்கல. டிராஃப்ட் அனுப்புறேன்னு நான் சொன்னப்ப, இதுதான் எங்க ஃபார்மேட்னு அனுப்பியிருந்தாக்கூட ரெண்டையும் 20-ஆம் தேதியே ஒரே நடையில முடிச்சிருப்பேன்.

மறுபடி அப்பாயின்ட்மென்ட், மறுபடி ரெண்டு சாட்சி, மறுபடி கூரியர், மறுபடி அட்ஜுடிகேஷன். 19 நாள் இருக்கு ஆடிக்கு.

லோன்ல வாங்குறவங்க யாரா இருந்தாலும் வக்கீல்கிட்ட டிராஃப்ட் கேக்குறதுக்கு முன்னாடி பேங்க்கிட்ட "உங்க பவர் ஃபார்மேட் குடுங்க"ன்னு எழுத்துல கேளுங்க. மஸ்கட் நண்பர் இதைப் படிச்சா ஒரு வரி பதில் போடுங்க, படிச்சீங்கன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி.

28.06.2024, ராத்திரி

கோவத்துல எழுதினதுல ஒண்ணைச் சரி பண்ணணும். பேங்க்ல லீகல் பார்க்குறவரும் பிராஞ்ச்ல இருக்குற பொண்ணும் வேற வேற ஆளு, அந்தப் பொண்ணு சாயங்காலம் தானே போன் பண்ணி ஃபார்மேட்டை வேர்ட் ஃபைலா அனுப்பி வச்சு, எந்த எந்த இடத்துல என்ன நிரப்பணும்னு அரைமணி நேரம் கூட இருந்து சொல்லுச்சு. அதுக்கு நன்றி. ஜூலை 3 அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு. தென்காசித் தம்பி "வாங்கண்ணே இன்னொரு தடவை போவோம்"ன்னுட்டான்.

01.07.2024

இடையில ஒரு கேள்வி: "அக்ரிமென்ட் கெடு தாண்டினா என்ன, கேஸ் போட 3 வருஷம் இருக்கே?" ஆமா, ஒப்பந்தப்படி கிரயம் எழுதிக் குடுன்னு வழக்குப் போட 3 வருஷக் காலவரம்பு இருக்கு. ஆனா அது கோர்ட்டுக்குப் போறதுக்கு. பணத்தோட நான் தயாரா இருந்தேன், இருக்கேன்னு நீங்க நிரூபிக்கணும். அசையாச் சொத்துல பொதுவா காலக்கெடுவை அவ்ளோ இறுக்கமா பார்க்குறதில்லன்னு கோர்ட்டுங்க சொல்லிட்டு வந்ததைத் திரும்ப யோசிக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே 2011-ல ஒரு தமிழ்நாட்டு வழக்குல சொல்லியிருக்கு, விலை ஏறுற வேகத்தைப் பார்த்து. எனக்கு அந்தக் கணக்கே வேண்டாம். அந்தப் பெரியவர் மகள் வீட்டுக்கு பெங்களூர் போக பாத்திரத்தையெல்லாம் பேக் பண்ணி வச்சிருக்காரு, அவரைக் கோர்ட்ல நிறுத்தவா நான் வீடு வாங்குறேன்.

இருந்தாலும் தாமதம் ஆகும்னு தெரிஞ்சவுடனே நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன். அவர் சொன்ன பதில், "சொல்லிட்டீங்கள்ல, போதும் தம்பி." தேவைப்பட்டா நீட்டிப்பு ஒண்ணு எழுதிக்கலாம்னு வக்கீலும் சொல்லியிருக்கார். வாய்ப்பேச்சோட விடாதீங்க, எழுதி வாங்குங்க.

06.07.2024

ரெண்டாவது பவர் சென்னையில. கவர் ரெண்டும் பஞ்சாங்கத்துக்குள்ள.

09.07.2024

ரெண்டாவது அட்ஜுடிகேஷனும் ஆச்சு. கிரயப் பதிவுக்கு டோக்கன் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்கு. முகூர்த்த நாள்ல பதிவுத் துறையே கூடுதல் டோக்கன் விடுறாங்க, இருந்தும் ஆடிக்கு முந்தின வாரம்ங்கறதால கூட்டமாத்தான் இருக்குமாம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை டு பன்னண்டு, அதைத் தாண்டித்தான் கையெழுத்துன்னு ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. அவங்களுக்குள்ள ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்னு அம்மா சிரிக்கிறாங்க.

12.07.2024, சாயங்காலம்

பதிவு ஆயிடுச்சு!

வீடியோ கால்ல இருந்தேன், ரெஜிஸ்டர் ஆபீஸ் வெளிய மரத்தடி வரைக்கும்தான், உள்ள போன் வேண்டாம்னுட்டாங்க, அதனால மீதி அப்பா சொன்னது. ரெண்டு தரப்புக்கும் போட்டோ, விரல் ரேகை. அப்பா கட்டை விரல் மெஷின்ல விழவே இல்ல, நாலு தடவை வச்சும் சிவப்பு லைட்தான். முப்பது வருஷம் லேத்துல நின்ன கை, ரேகை தேஞ்சு போயிருக்கு. கம்ப்யூட்டர்ல இருந்த தம்பி, "ஐயா விரலைத் தலைமுடியில ஒருதரம் தடவிட்டு வைங்க"ன்னு சொல்லியிருக்கான். தலையில தேச்ச தேங்காய் எண்ணெய் பட்டதும் பச்சை லைட். பேங்க் ஆள் டிடியோட அங்கயே நின்னாரு. விக்கிற அம்மா கையெழுத்து போட்டுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களாம், இருபத்தி ரெண்டு வருஷம் இருந்த வீடு.

15.07.2024

முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல. இது பேப்பர் இல்ல, வரி, ஆனா கெடு கெடுதான்.

50 லட்சமோ அதுக்கு மேலயோ உள்ள சொத்து வாங்குறவர், விக்கிறவருக்குக் குடுக்குற பணத்துல 1 பர்சன்ட் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிச்சு அரசுக்குக் கட்டணும், வருமான வரிச் சட்டம் 1961, 194-ஐஏ பிரிவு, அதுக்கான படிவம் ஃபாரம் 26 க்யூபி. பணம் குடுத்த மாசம் முடிஞ்சு 30 நாளுக்குள்ள. ஜூலையில குடுத்ததுக்கு ஆகஸ்ட் 30 வரைக்கும் இருக்குன்னு நிம்மதியா இருந்தேன். இன்னைக்கு ஆடிட்டர் கேட்டாரு, அட்வான்ஸுக்கு எப்பக் கட்டினீங்கன்னு. ஏப்ரல்ல குடுத்த 5 லட்சத்துக்கும் சேர்த்துத்தான் பிடிக்கணும், அதோட கெடு மே 30. விக்கிறவங்க இந்தியாவுல குடியிருக்குறவங்க, அதனால 1 பர்சன்ட். விக்கிறவர் என்ஆர்ஐயா இருந்தா பிரிவே வேற, 195, பர்சன்டும் வேற, அதுல கோட்டை விட்டா அடி பலமா இருக்கும்.

தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 200. மே 31-ல இருந்து இன்னைக்கு வரைக்கும் 46 நாள், 9,200 ரூபா. வயிறு எரியுது.

15.07.2024, ராத்திரி

9,200 இல்ல. ஆடிட்டர் திருத்தினாரு, தாமதக் கட்டணம் கட்ட வேண்டிய வரித்தொகைக்கு மேல போகாது. 5 லட்சத்துக்கு 1 பர்சன்ட் 5,000, அதனால கட்டணமும் 5,000-ல நின்னுடும். வட்டி கொஞ்சம் தனியா. கட்டிட்டேன். அட்வான்ஸ் குடுத்த அன்னைக்கே 26 க்யூபி போட்டிருந்தா இந்த ஐயாயிரத்துல ஒரு ஃபேன் வாங்கியிருப்பேன். காலைல போட்ட கணக்கை அழிக்காம அப்படியே விடுறேன், இங்க யாராச்சும் அதே பயத்துல இருக்கலாம்.

22.07.2024

அக்ரிமென்ட் கெடு இன்னைக்குத்தான். பத்திரம் பேங்க்ல, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, அப்பா சார்பா நின்னு என் பேர்ல வாங்கின கிரயம் ஏறியிருக்கு. ஆவணியில பால் காய்ச்சுறோம்.

02.09.2024

மஸ்கட் நண்பர் இப்பத்தான் வந்திருக்கார். மூணு மாசமாச்சு நண்பரே, எங்க போனீங்கன்னு தேடினேன். அவர் எழுதினது: "கையெழுத்து போட்டு அனுப்பிட்டேன், ஆகஸ்ட் 19 ஊர்ல கிடைச்சிருக்கு. அண்ணன் கவரைக் குப்பையில போட்டுட்டார். இப்ப என்ன பண்றது?"

பதறாதீங்க. நவம்பர் 19 வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கு, அவ்ளோ நாள் எடுத்துக்கவும் வேண்டாம். கூரியர் நம்பர் உங்க ரசீதுல இருக்கும், அதை வச்சு டெலிவரி ரிப்போர்ட்டை இன்னைக்கே பிரின்ட் எடுங்க, நாளாக நாளாக சைட்ல இருந்து போயிடும். யார் கையெழுத்து போட்டு வாங்கினாங்கன்னு அதுல வரும். அதையும் உங்க ரசீதையும் அண்ணன்கிட்ட குடுத்து, இந்த வாரமே வக்கீலோட மாவட்டப் பதிவாளர் ஆபீஸுக்குப் போகச் சொல்லுங்க. போறதுக்கு முன்னாடி லோன் இருக்கா இல்லையான்னு எனக்கு ஒரு வரி போடுங்க, பேங்க் ஃபார்மேட் கேட்டீங்களா?